இருக்கிற மனையில் இன்னொரு போர்ஷன்

எர்ணாவூரில் அரை கிரவுண்டோ முக்கால் கிரவுண்டோ சொந்தமாக வைத்திருக்கும் குடும்பத்தில், மகனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கும்போதே கூடவே இன்னொரு பேச்சும் எழும்: மாடி எடுத்துவிடலாமா? மகனுக்கு வேண்டாமென்றால் வாடகைக்கு விடலாம். துறைமுகம், அசோக் லேலண்ட், எண்ணூர் ஆலைகள் என்று வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பக்கம் வீடு தேவைப்படாத காலமே இல்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயிலும் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. மேஸ்திரி தயாராக இருப்பார், நகைக்கடனும் கிடைக்கும். சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் கடைசியில்தான் விசாரிக்கிறோம்.

ஒரே மனையில் இரண்டாவது வீடு கட்டுவதற்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இல்லை, தடையும் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நிலைமை வேறு. அங்கே பல ஊர்களில் ஒரு மனைக்கு ஒரு குடும்பம்தான் என்று விதி வைத்திருந்தார்கள். கொல்லைப்புறத்தில் சிறு வீடு கட்டிக்கொள்ளும் உரிமையை மாநில அரசே சட்டம் போட்டு வாங்கித் தர வேண்டியிருந்தது. 2020 முதல், நிபந்தனைகளுக்கு உட்பட்ட 800 சதுர அடி வரையிலான வீட்டை அங்குள்ள உள்ளாட்சி மறுக்க முடியாது. ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்த சென்னைக்கு அந்தச் சண்டை தேவைப்படவில்லை. ஒரு மனையில் எவ்வளவு கட்டடம், எங்கே, எந்த மாதிரி நிலத்தில் என்பதே நம் விதியின் கேள்வி. அந்த விதித்தொகுப்பின் பெயர் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019.

எது இரண்டாவது வீடு? கூடுதலாகக் கட்டிய படுக்கையறை அல்ல. தனியாகச் சமைக்கவும் குளிக்கவும் உறங்கவும் வசதி அமைந்தால்தான் அது தனிக் குடியிருப்பு. மாடியில் இரண்டு அறை கட்டிக் கீழேயே எல்லாரும் சாப்பிட்டால் வீடு ஒன்று. மாடியில் சமையல் மேடை போட்டுவிட்டால் வீடு இரண்டு. வண்டி நிறுத்தும் இடம், மின் இணைப்பு, சொத்து வரி எல்லாம் இதை ஒட்டியே மாறும். ஆகவே பிளானில் 'ஸ்டோர் ரூம்' என்று காட்டிவிட்டு அங்கே அடுப்பு மேடை கட்டுவது கெட்டிக்காரத்தனம் அல்ல. பின்னாளில் வங்கிக் கடனுக்கோ விற்பனைக்கோ போகும்போது அந்தப் பிளானைத்தான் எதிரே வைத்துப் பார்ப்பார்கள்.

அடுத்து, எவ்வளவு கட்டலாம் என்ற கணக்கு. சாதாரணக் குடியிருப்புக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை எல்லாத் தளங்களையும் சேர்த்துக் கட்டலாம் என்று பொருள். 1,200 சதுர அடி மனைக்கு 2,400 சதுர அடி. கீழே 700 சதுர அடி வீடு இருந்தால் இன்னும் 1,700 மிச்சம். காகிதத்தில் அப்படித்தான் தெரியும். ஆனால் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் விட வேண்டிய காலியிடம், அதாவது செட்பேக், இந்தக் கணக்கைச் சுருக்கிவிடும். முன்பக்கம் விட வேண்டிய அளவு தெருவின் அகலத்தைப் பொறுத்தும், பக்கவாட்டு அளவு மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்தும் கூடும். 20 அடி அகல மனையில் இரு பக்கமும் ஒரு மீட்டர் விட நேர்ந்தால் கட்டடத்துக்குக் கிடைப்பது பதின்மூன்றரை அடிதான். நடைமுறையில் விதி முறிவது பெரும்பாலும் படிக்கட்டில். கீழ்வீட்டுக்குள் புகாமல் மாடிக்குப் போக வேண்டும் என்று பக்கவாட்டுச் சந்தில் வெளிப்படிக்கட்டு ஏற்றிவிடுகிறார்கள். தீப்பிடித்தால் ஆள் ஓடிவருவதற்கும், பக்கத்து வீட்டுக்குக் காற்று போவதற்கும் விட்ட சந்து அது. இரண்டாவது போர்ஷனை வரையும்போது முதலில் படிக்கட்டுக்கு இடம் குறியுங்கள், அறைகள் பிறகு.

மொட்டை மாடியிலும் இதே போன்ற மயக்கம் ஒன்று உண்டு. படிக்கட்டு அறையும் தண்ணீர்த் தொட்டியும் தளப்பரப்புக் கணக்கில் வராது. அதன் பக்கத்தில் சுவர் எழுப்பித் தகரக் கூரை போட்டு, கழிப்பறை கட்டி ஆளைக் குடியேற்றினால் கணக்கில் வரும். கூரை தகரமா, ஆஸ்பெஸ்டாஸா, கான்கிரீட்டா என்பது இங்கே பொருட்டே அல்ல. எர்ணாவூரின் மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு குடும்பத்தை வாடகைக்கு வைப்பது பற்றி விதி தனியாக ஒன்றும் சொல்லவில்லை என்றாலும், தேசியக் கட்டட விதித்தொகுப்பு குறைந்தபட்ச அளவுகளைச் சொல்கிறது. ஒரே அறை உள்ள வீடென்றால் அந்த அறை 9.5 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 102 சதுர அடி இருக்க வேண்டும், அகலம் 2.4 மீட்டருக்குக் குறையக் கூடாது; உயரம் 2.75 மீட்டர். நம்மைப் போல ஈரமும் வெப்பமும் சேர்ந்த ஊரில் ஜன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு வேண்டும். வாடகைக்கென்று கட்டும் போர்ஷன்களை இந்த அளவுகோலால் அளந்து பார்த்தால் பல வீட்டுக்காரர்களுக்கு முகம் சுருங்கும்.

அனுமதி யாரிடம் வாங்குவது? திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால், சிறு வீடுகளுக்கு இப்போது திருவொற்றியூர் மண்டல அலுவலகம், அதாவது மண்டலம் 1. பெரிய கட்டடங்கள் சி.எம்.டி.ஏ.வுக்குப் போகும். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் என்றால், விதிப்படிதான் கட்டுகிறேன் என்று உரிமையாளரே சான்று அளித்து ஒற்றைச் சாளர இணையதளம் வழியாக உடனே அனுமதி பெறலாம். அனுமதிக்கு முன் அதிகாரி வந்து இடத்தைப் பார்ப்பதில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: முன்பு பிளானைச் சரிபார்த்த பொறுப்பு அலுவலகத்துக்கு இருந்தது, இப்போது அது உங்கள் கையெழுத்துக்கு வந்துவிட்டது. அளவு தவறாகவோ நிலத்தைப் பற்றிப் பொய்யாகவோ சொல்லியிருந்தால் அனுமதியே செல்லாமல் போகும். ஏற்கெனவே உள்ள வீட்டின் மேல் எடுப்பதானால், இணையதளத்தைத் திறப்பதற்கு முன் பழைய வீட்டின் பிளான் அப்ரூவல் காகிதத்தைத் தேடுங்கள். அது இல்லையென்றால் மேல்தளக் கதையே வேறு.

'கட்டிவிட்டால் பிறகு ரெகுலரைஸ் பண்ணிக்கொள்ளலாம்' என்று தைரியம் சொல்கிறவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. நம்ப வேண்டாம். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவு வரன்முறைப்படுத்துவது 2007 ஜூலை 1-க்கு முன் கட்டி முடித்த கட்டடங்களைத்தான். அதற்குப் பின் எழுந்தவற்றுக்கு அதே சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகள்: ஒன்று இடிக்கச் சொல்லும் நோட்டீஸ், இன்னொன்று வேலையை நிறுத்தச் சொல்லும் நோட்டீஸ்.

இதுவரை சொன்னது சென்னை முழுவதற்கும் பொருந்தும். எர்ணாவூரில் கேள்வி நிலத்திலிருந்தே தொடங்குகிறது. பழைய மனைப்பிரிவுகள் பலவற்றுக்கு அங்கீகாரம் இருந்ததில்லை. அங்கீகாரமற்ற மனை என்றால், 2016 அக்டோபர் 20 அன்றோ அதற்கு முன்போ விற்கப்பட்ட மனைகளுக்கு 2017-இல் வந்த வரன்முறைத் திட்டத்தின்கீழ் ஆணை வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அந்த ஆணை இல்லாமல் கட்டட அனுமதி நகராது. வருவாய்ப் பதிவேட்டில் நிலம் புறம்போக்கு என்று இருந்தால், எத்தனை வருடம் வரி கட்டிய ரசீது இருந்தாலும் பயனில்லை. சுனாமிக்குப் பின் கட்டித் தரப்பட்ட குடியிருப்புகளிலும் வாரியக் குடியிருப்புகளிலும் இருக்கிறவர்கள், வீடு தங்கள் பெயரில் ஒதுக்கப்பட்டதாலேயே வராந்தாவை நீட்டி ஓர் அறை சேர்த்துக்கொள்ள முடியாது. கீழே உள்ள நிலமும் வெளிச்சுவரும் எல்லாருக்கும் பொது.

பிறகு கடல். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் முதலில் வந்தது. 2011-இலும் 2019-இலும் புதுப்பித்தார்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் பிடி உண்டு. எர்ணாவூரின் அகலத்துக்கு அது ஊரில் ஒரு பெரும் பங்கு. ஏற்கெனவே வீடுகள் நிறைந்த நகரப் பகுதிகளை இரண்டாம் வகை மண்டலமாகக் கொண்டு, அங்கே முன்பே உள்ள சாலைக்கோ அங்கீகாரம் பெற்ற பழைய கட்டடங்களுக்கோ நிலப்பக்கம் மட்டுமே புதிதாகக் கட்ட விடுகிறார்கள். எளிய சொல்லில், எண்ணூர் விரைவுச்சாலைக்கு மேற்கே உள்ள மனையும் கிழக்கே கடலைப் பார்த்த மனையும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. குப்பத்தில் நிலைமை இதைவிடச் சிக்கல். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீடு. பின்பக்கம் நீட்டினால் கடல்பக்கம் நீள்கிறது.

மேற்கே போனாலும் தப்பிக்க முடியாது, பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகமும் இருக்கின்றன. ஓதம் ஏறி இறங்கும் நீர்நிலைகளின் கரையிலும் இந்த அறிவிக்கை செல்லும். 2011 அறிவிக்கை கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது நீர்நிலையின் அகலம், இவற்றில் குறைவானதைச் சொன்னது. 2019 அறிவிக்கை 100-ஐ 50 ஆக்கியது. ஆனால் ஒரு மாநிலத்தின் கடலோர மண்டல வரைபடம் புதிய அறிவிக்கையின்படி திருத்தப்பட்டு ஒப்புதல் பெறும்வரை அங்கே பழையதுதான் செல்லும். அதனால் 'ஐம்பது மீட்டர்தான், எனக்குத் தெரியும்' என்று தெருமுனையில் கேட்டதை வைத்து முடிவு செய்யாமல், உங்கள் சர்வே எண் எந்த வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். ஓர் ஆறுதல் உண்டு. 2019 அறிவிக்கையின்படி 300 சதுர மீட்டருக்கு உட்பட்ட சொந்தக் குடியிருப்புக்கு மாநிலக் கடலோர ஆணையம் வரை போக வேண்டியதில்லை. உள்ளாட்சியே அறிவிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்து அனுமதி தரலாம்.

காகிதமெல்லாம் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பழைய வீடு இன்னொரு மாடியைத் தாங்குமா? என்னைக் கேட்டால் கடலோரத்தில் பணம் செலவழிக்க வேண்டிய முதல் இடம் இதுதான். உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே உள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சீலிங்கில் சில்லு சில்லாகப் பெயர்ந்து கம்பி தெரிகிற வீடுகளை இந்தப் பக்கம் யாரும் பார்க்காமல் இருக்க முடியாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, கடலோரச் சூழலில் வெளிப்பட்டிருக்கும் கட்டுமானத்தைக் கடுமையான பாதிப்பு வகையில் சேர்க்கிறது: கான்கிரீட் எம்30-க்குக் குறையக் கூடாது, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர் வேண்டும். முப்பது வருடத்துக்கு முன் மேஸ்திரி கைக்கணக்கில் கலந்த கலவையில் இதை எதிர்பார்க்க முடியாது. பில்லரே இல்லாமல் செங்கல் சுவர் மேல் தளம் போட்ட வீடென்றால் இன்னும் கவனம் வேண்டும். பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வரவழைத்து, அடித்தளத்தைத் தோண்டிப் பார்க்கச் சொல்லி, மேலே எடுக்கலாமா என்று எழுத்தில் வாங்குங்கள். டைல்ஸுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறை. அவர் 'வேண்டாம்' என்றால், பின்பக்கத்தில் தனி அடித்தளத்தோடு தரைத்தளப் போர்ஷன் கட்டுவதே வழி. செட்பேக் இடம் கொடுத்தால்.

தரைத்தளத்தில் கட்டினால் தண்ணீரை நினைக்க வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எர்ணாவூர் வீடுகளுக்குள் வந்தது வெறும் தண்ணீர் அல்ல, எண்ணெய் கலந்த தண்ணீர். சுவரில் படிந்த கறுப்புக் கோட்டைப் பலர் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். தேசிய விதித்தொகுப்பு அஸ்திவார மேடை சுற்றுத் தரையைவிட 45 சென்டிமீட்டராவது உயர வேண்டும் என்கிறது. இங்கே அதைக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொண்டு, உங்கள் தெருவில் அன்று நின்ற நீரின் அளவுக்கு மேலே வையுங்கள். சாலையை மறுபடி போடும்போது அதன் மட்டமும் ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைநீர்ச் சேகரிப்பு 2003-இலிருந்தே கட்டாயம்.

கட்டி முடித்த பின் உள்ள வேலைகள் சுருக்கமானவை. 750 சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறு குடியிருப்புக்குப் பணி நிறைவுச் சான்று தேவையில்லை. மாடிக்குச் சொத்து வரி மதிப்பீடு செய்யச் சொல்லி நீங்களே மாநகராட்சிக்கு எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. மின் இணைப்பைப் போர்ஷனுக்குத் தனியாக வாங்குங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது வீட்டு இணைப்புக்குத்தான். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் ஓட்டினால் இருவருமே மேல் அடுக்கு விலைக்குத் தள்ளப்படுவார்கள், சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் தகராறும் சேரும்.

வாடகைக்கு விடும்போது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் உங்களையும் கட்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வீட்டு அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பதே சட்டம் வைத்திருக்கும் அளவு. சென்னையின் பத்து மாத வழக்கத்தை மனத்தில் வைத்து, அந்த அட்வான்ஸிலேயே மேல்தளத்துக்கு ஒட்டு போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தால், கடனை இன்னொரு முறை கூட்டிப் பாருங்கள். மகனுக்கே மாடியை எழுதி வைப்பதானாலும் ஒன்று: மாடி தனி வீடு ஆனதால் மனை இரண்டாகிவிடாது. தான செட்டில்மென்ட் எழுதும்போது மாடியோடு நிலத்தில் பிரிக்கப்படாத பங்கையும் சேர்த்து எழுத வேண்டும். தம்பிக்கு என்ன என்பதையும் அதே உட்காரலில் பேசி முடித்துவிடுங்கள்.