மூட்டை மேல் கடன்

அறுப்பு முடிந்த கையோடு விலை ஏன் சரிகிறது என்பதற்குப் பொருளியல் படிக்க வேண்டியதில்லை. ஊரில் எல்லோருக்கும் ஒரே மாதத்தில் பணம் தேவை, எல்லோரும் ஒரே மாதத்தில் விற்கிறார்கள்.

அன்று விளைந்தது களத்தில் இருக்கும்போதே மண்டிக்காரருக்குச் சொந்தம் மாதிரிதான். விதைப்புக்கு முன்பணம் கொடுத்தவர் அவர். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விளைவித்தவர் பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்து யூகிக்க வேண்டும். தரகு, கழிவு, மகமை எல்லாம் பிடித்ததுபோக மிஞ்சுவதும் பழைய கணக்கில் வரவாகிவிடும்.

1933இல் சென்னை மாகாணம் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் கொண்டுவந்தது. 1936இல் திருப்பூரில் பருத்திக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் வந்தது. தராசு நேரானது, கடன் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. 1951-52இல் நடந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வில், விவசாயி வாங்கிய கடனில் கிட்டத்தட்ட 70 சதவீதம் வட்டிக்காரர்களுடையது; கூட்டுறவுகளின் பங்கு 3 சதவீதம்தான். மத்தியக் கிடங்கு நிறுவனமும் தமிழ்நாட்டின் கிடங்கு நிறுவனமும் 1957, 58இல் பிறந்ததற்கு இந்த ஆய்வே காரணம்.

இன்று விற்பனைக்கூடத்தில் மூட்டையை இறக்கி எடை போட்டால், சந்தை மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன். வட்டி ஆண்டுக்கு 5 சதவீதம், தவணை 180 நாள். ஒரு லட்சத்துக்கு ஆறு மாத வட்டி சுமார் 2,500 ரூபாய். வெளியில் மூணு வட்டிக்கு வாங்கினால் 18,000. 2017 முதல் கிடங்கு ரசீதே மின்னணுவாகிவிட்டது. பதிவுபெற்ற கிடங்கில் சரக்கை வைத்து, அந்த ரசீதை வங்கியில் அடகு வைக்கலாம்.

டெல்டா நெல்லுக்கு இந்தக் கடன் அவ்வளவு தேவைப்படுவதில்லை, கொள்முதல் நிலையம் இருக்கிறது. மஞ்சள், மிளகாய், பருத்திக்காரர்களுக்குத்தான் காத்திருப்பது காசு. ஆனால் காத்திருந்தால் விலை ஏறும் என்று யார் உத்தரவாதம் தந்தார்கள்? 2010 கடைசியில் ஈரோட்டில் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், 2012 தொடக்கத்தில் 5,000க்கும் கீழே கிடந்தது. நல்ல விலையில் விற்காமல் பதுக்கிவைத்தவர்களைத்தான் அந்தச் சரிவு அதிகம் அடித்தது.

1933இல் அமெரிக்க அரசு மக்காச்சோளத்துக்கு இதேபோல் கடன் கொடுத்தது, புஷலுக்கு 45 சென்ட். விலை ஏறாவிட்டால் சோளத்தை அரசிடமே விட்டுவிட்டு விவசாயி நடையைக் கட்டலாம், பாக்கி கேட்கமாட்டார்கள். நம் கடனில் விலை விழுந்தாலும் அசலும் வட்டியும் விவசாயி தலையில்தான். கால் பங்கு மதிப்பைக் கழித்துக்கொண்டு கொடுப்பது கடன் கொடுப்பவரின் பாதுகாப்புக்கு. விவசாயிக்கு அப்படியொரு தரைவிலையையும் சேர்த்துக் கொடுத்தால்தான், பத்து மூட்டைக்காரர் வண்டி வாடகை கொடுத்துக் கிடங்குவரை வருவார்.