அந்த ரோடு யாருடையது?

மருங்காபுரி என்ற பெயரைத் தமிழ்நாடே உச்சரித்த காலம் ஒன்று உண்டு. 1989 மார்ச்சில் மருங்காபுரிக்கும் மதுரை கிழக்குக்கும் தள்ளிவைத்திருந்த தேர்தல் நடந்தது. இரண்டாகப் பிளந்து மறுபடி ஒன்றாகியிருந்த அ.தி.மு.க.வுக்குத் திரும்பக் கிடைத்த இரட்டை இலை முதலில் ஜெயித்துக் காட்டியது இந்த இரண்டு தொகுதிகளில்தான். பிறகு வந்த தொகுதி மறுசீரமைப்பில் மருங்காபுரி என்ற தொகுதியே இல்லாமல் போனது. இன்று மருங்காபுரிக்காரருக்கு மாவட்டம் திருச்சி, வருவாய்க் கோட்டம் ஸ்ரீரங்கம், சட்டமன்றத் தொகுதி மணப்பாறை, நாடாளுமன்றத் தொகுதி கரூர். கலெக்டரைப் பார்க்க வடக்கே போக வேண்டும், எம்.பி.யைப் பார்க்க வேறு மாவட்டத்துக்கே போக வேண்டும். ஊர் முன்னால் ரோட்டில் குழி விழுந்தால் மனுவை எங்கே கொடுப்பது என்பதில் ஜனங்களுக்குக் குழப்பம் வருவதில் ஆச்சரியமே இல்லை.

இந்தக் குழப்பம்தான் பல உள்ளூர்த் தலைவர்களுக்கு நல்ல குடையாகவும் இருக்கிறது. "தலைவரே, ரோடு எப்போ போடுவீங்க?" என்று கேட்டால், "அது ஹைவேஸ் ரோடு தம்பி, நம்ம கையில இல்ல" என்பார். ஹைவேஸ் ஆபீசில் கேட்டால், "அது யூனியன் ரோடு, பி.டி.ஓ. ஆபீஸ்ல கேளுங்க" என்பார்கள். இரண்டு பதிலும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவில் வருடம் ஓடிவிடும்.

ஆகவே முதல் வேலை, அந்த ரோடு யாருடையது என்று தெரிந்துகொள்வது. அதற்கு ஓரத்தில் நிற்கும் மைல்கல்லின் தலையைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை. பச்சை மாநில நெடுஞ்சாலை. நீலமோ கறுப்போ இருந்தால் மாவட்டச் சாலை. ஆரஞ்சு என்றால் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட கிராமச் சாலை. கல்லே இல்லாத தெருவும் காட்டுப்பாதையும் பெரும்பாலும் ஊராட்சிக்கோ ஊராட்சி ஒன்றியத்துக்கோ சொந்தமானவை. மருங்காபுரிக்குப் பக்கத்தில் துவரங்குறிச்சியைத் தொட்டுப் போகும் திருச்சி–மதுரை நான்குவழிச் சாலை தேசிய நெடுஞ்சாலை 38. நத்தம் வழியாக மதுரைக்குப் பிரியும் சாலை தேசிய நெடுஞ்சாலை 785. இந்த இரண்டில் விளக்கு எரியவில்லை, நடுத்தடுப்பு உடைந்து கிடக்கிறது என்றால் பஞ்சாயத்துத் தலைவரைத் திட்டிப் பயனில்லை. 1033 என்ற எண்ணுக்கு அடித்து, அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொல்லிப் புகாரைப் பதிய வேண்டும். மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலைகளுக்கு 'நம்ம சாலை' என்ற செயலி 2023 நவம்பரில் வந்தது. குழியைப் படம் எடுத்து அதில் ஏற்றலாம். மாநில நெடுஞ்சாலை என்றால் 24 மணி நேரத்திலும், மாவட்டச் சாலை என்றால் 72 மணி நேரத்திலும் சரிசெய்வோம் என்பது துறையே கொடுத்த வாக்கு.

கிராமச் சாலைக்குத்தான் ஆள் தேடி அலைய வேண்டியிருக்கிறது. ஆனால் அங்கும் ஒரு பிடி உண்டு. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட ரோடு தொடங்கும் இடத்தில் ஒரு பெயர்ப்பலகை நட்டிருப்பார்கள். வேலி முள் மறைத்திருந்தால் விலக்கிப் பாருங்கள். சாலையின் நீளம், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தக்காரர் பெயர், வேலை முடிந்த தேதி எல்லாம் அதில் இருக்கும். முடிந்த நாளிலிருந்து ஐந்து வருடம் பராமரிப்பதும் அந்த ஒப்பந்தக்காரரின் பொறுப்பு. மூன்றாம் வருடமே ஜல்லி பெயர்ந்து வந்தால் "புது நிதி வரட்டும்" என்று தலைவர் சொல்வதை ஏற்க வேண்டியதில்லை. பழைய ஒப்பந்தக்காரரை வரவழைக்கச் சொல்லுங்கள்.

பிரச்சினை ரோட்டோடு நிற்பதாக இருந்தால் இவ்வளவு பேச வேண்டாம். துவரங்குறிச்சியிலிருந்து திருச்சி ஏறத்தாழ 60 கிலோமீட்டர், மதுரை அதைவிடக் கூடுதல். துவரங்குறிச்சியில் ஓர் அரசு மருத்துவமனை இருக்கிறது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை மணப்பாறையில் இருக்கிறது. தலையில் பலத்த காயம் என்றால் கடைசியில் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ, மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோதான் போயாக வேண்டும். நான்குவழிச் சாலைக்கு வந்துவிட்டால் 108 பறந்துவிடும். வளநாட்டுப் பக்கமோ பாலக்குறிச்சிப் பக்கமோ உள்ளே இருக்கும் ஒரு களத்துமேட்டிலிருந்து அந்தச் சாலைக்கு வந்து சேரும் நேரம்தான் உயிரைத் தின்கிறது. காயம்பட்ட முதல் ஒரு மணி நேரத்தை மோட்டார் வாகனச் சட்டமே 'பொன்னான நேரம்' என்று வரையறுத்து வைத்திருக்கிறது. கிராமச் சாலையின் குழி அந்த ஒரு மணி நேரத்தில் பங்கு கேட்கிறது.

விபத்தைப் பார்த்தால் தூக்கப் பயப்படுகிறவர்கள் இன்னும் நிறைய. "போலீஸ், கோர்ட்டுன்னு அலைய விட்ருவாங்க" என்பது பழைய பயம். 2016 மார்ச் 30-இல் சேவ்லைஃப் பவுண்டேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பயத்துக்கு முடிவு கட்டியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்தார்கள். நல்ல எண்ணத்தோடு காப்பாற்றியவர் மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது. பெயர், முகவரி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. மருத்துவமனையும் அவரிடம் பணம் கட்டச் சொல்லக் கூடாது. இந்த உரிமைகளை எழுதி வாசலில் வைக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. உங்கள் ஊர் மருத்துவமனை வாசலில் அந்தப் பலகை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பலத்த காயம்பட்டவரைப் பொன்னான நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு 25,000 ரூபாய் தரும் மத்திய அரசுத் திட்டமும் 2025 முதல் இருக்கிறது. பணத்துக்காக யாரும் தூக்கப் போவதில்லை. ஆனாலும் அரசு நம்மைச் சந்தேகப்படாமல் நன்றி சொல்கிறது என்பதே பெரிய மாற்றம்.

"கேஸ் எழுதிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில், முதலில் உயிர், பிறகுதான் காகிதம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனை இடமில்லை என்று திருப்பி அனுப்பினால் வாழும் உரிமையை மீறியதாகும் என்று 1996-இல் மேற்கு வங்க வழக்கு ஒன்றில் தீர்ப்பு வந்தது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு கூலித் தொழிலாளியைக் கொல்கத்தாவில் பல அரசு மருத்துவமனைகள் வரிசையாகத் திருப்பி அனுப்பிய வழக்கு அது. அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தர உத்தரவானது.

செலவுக்கு வழி? தமிழ்நாட்டு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' 2021 டிசம்பர் 18-இல் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்ற கேள்வி கிடையாது, காப்பீட்டு அட்டையும் வேண்டாம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளும் இதில் அடக்கம். மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கையானது. அதில் ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, ஏழு நாள் வரை உண்டு. அட்மிஷன் கவுண்டரில் அட்வான்ஸ் கேட்டால், திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கிற ஒருவர் பக்கத்தில் இருந்தாலே பேச்சு மாறும். அந்த ஒருவராக ஊரின் தலைவர் இருக்க வேண்டும் என்பதுதான் என் எதிர்பார்ப்பு. கல்யாண வீட்டில் மொய் எழுதுவதைவிட இது முக்கியமான வேலை.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டதா? அப்போதும் வழி அடைபடவில்லை. 2022 ஏப்ரல் 1 முதல், அடையாளம் தெரியாத வண்டி மோதி இறந்தால் இரண்டு லட்சம், கொடுங்காயம் என்றால் ஐம்பதாயிரம் ரூபாய் தர வேண்டும். மனு போவது நீதிமன்றத்துக்கு அல்ல, விபத்து நடந்த பகுதியின் வருவாய்த் துறை அலுவலருக்கு. வண்டி தெரிந்தால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். அதற்கு ஆறு மாதக் கெடு என்று சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். துக்கம் ஆறட்டும் என்று காத்திருக்கிற குடும்பங்கள் இந்தக் கெடுவைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

ரோடே விபத்துக்குக் காரணம் என்றால் அதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவின்படி, விதிகளை மீறிப் போட்ட அல்லது பராமரிக்காத சாலையால் உயிரோ உறுப்போ போனால் பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் இன்னும் ஒருபடி மேலே போய், குழியில் விழுந்து இறந்தவர் குடும்பத்துக்கு ஆறு லட்சம் தர வேண்டும் என்றது. அது மகாராஷ்டிரத்துக்கான உத்தரவுதான். ஆனாலும் இங்கே ஒரு வழக்கறிஞர் எடுத்துக்காட்ட அது போதும்.

விபத்தைத் தவிர வேறு இரண்டு அவசரங்கள் இந்த வறண்ட பூமியில் அடிக்கடி வரும். ஒன்று பாம்புக்கடி. கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்டவரை நடக்கவிடாமல் கொண்டுபோக வேண்டும். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கிவிட்டது. எந்த மருத்துவமனைக்கு வந்தாலும் பதிவாக வேண்டும். மற்றது மாரடைப்பு. 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நெஞ்சுவலியோடு வருபவருக்குக் கொடுக்க மூன்று வகை மருந்தில் 14 மாத்திரைகள் வைத்திருக்க வேண்டும். உங்கள் துணை சுகாதார நிலையத்தில் அவை இருக்கின்றனவா, தேதி முடிந்துவிட்டதா என்று நர்சம்மாவிடம் கேட்பது யாரும் செய்யக்கூடிய காரியம்.

இனி தலைவர்கள் விஷயம். மருங்காபுரி ஒன்றியத்தில் 49 கிராம ஊராட்சிகள். திருச்சி மாவட்டத்தில் இவ்வளவு ஊராட்சி வேறெந்த ஒன்றியத்திலும் இல்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. தேர்தல் நடக்காததால் தனி அலுவலர் பொறுப்பேற்றார். பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை முடித்துவிட வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 243இ பிரிவு சொல்கிறது. 49 ஊர்களின் தெருவிளக்கும் குடிநீரும் ஒரே அதிகாரியின் மேசைக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. "தலைவர் இல்லாத ஊர்ல கிராம சபை எதுக்கு?" என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிராம சபை தலைவருடையது அல்ல, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோருடையதும். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் அது கூடியாக வேண்டும். துவரங்குறிச்சி பொன்னம்பட்டி பேரூராட்சிக்குள் வருவதால் அங்கே கிராம சபைக்குப் பதில் பகுதி சபா.

முன்னாள் தலைவர், மகளிர் குழுத் தலைவி, கோயில் நாட்டாமை, ஜமாஅத் நிர்வாகி, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர் என்று ஊரில் சொல்வாக்கு உள்ளவர்கள் நிறையப் பேர். இவர்கள் மந்திரிக்கு மாலை போட வரிசையில் நிற்பதில் குறையொன்றும் இல்லை. ஆனால் மாலை போட்டதோடு கோரிக்கை முடிந்துவிடுகிறது, கையில் ரசீது எதுவும் மிஞ்சுவதில்லை. தீர்மானப் பதிவேட்டில் ஏறிய ஒரு வரிக்கு அதிகாரி பதில் எழுதியாக வேண்டும். 'சாலை வசதி வேண்டும்' என்று மொட்டையாக எழுதினால் குப்பைக்குப் போகும். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை மீட்டர், எந்த வளைவில் ஆம்புலன்ஸ் திரும்ப முடியவில்லை, கடைசியாக எப்போது தார் போட்டார்கள் என்று எழுத வேண்டும். விபத்து அடிக்கடி நடக்கும் இடமென்றால் அதே தீர்மானத்தின் நகல் கலெக்டர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் போக வேண்டும்.

2019 அக்டோபர் 25-இல் பக்கத்து நடுக்காட்டுப்பட்டியில் மூடாத ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்ததை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கைவிட்ட கிணற்றை மூட வேண்டும் என்ற உச்ச நீதிமன்ற வழிகாட்டுதல் 2010-லேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கான விதிகள் 2015-இல் வந்தன. சட்டம் முன்னாலேயே இருந்தது. ஊரில் எத்தனை கிணறு திறந்து கிடக்கிறது என்று எழுதிவைத்த பட்டியல்தான் இல்லை.

தீர்மானத்துக்குப் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. மதிப்பீட்டின் நகல், வேலை அளந்து எழுதிய எம்.புக் நகல் இரண்டையும் கேளுங்கள். போட்ட ரோட்டின் தார்க்கலவையை மாதிரி எடுத்துத் தரச் சொல்லவும் அந்தச் சட்டத்தில் உரிமை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. எம்.புக் கேட்டு ஒரு மனு போனாலே சில இடங்களில் ரோலர் வந்து நின்றுவிடும். முதல்வரின் முகவரி 1100, திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. அங்கே கொடுக்கும் மனு எந்தத் துறைக்குப் போனது என்ற பதிவு எண்ணை வாங்கிக்கொள்வதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த கிராம சபைக்குப் போகும்போது மனுவை இரண்டு நகலாக எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். தீர்மானப் பதிவேட்டில் உங்கள் கோரிக்கை ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.