அந்தரங்க உரிமையும் ஆயரின் பொறுப்பும்

மனிதன் தன் இல்லத்திலும் உள்ளத்திலும் பிறர் தலையீடின்றி இருக்கத்தக்க எல்லை ஒன்று உண்டென்பதை இன்று நம் நாட்டுச் சட்டம் ஒப்புக்கொண்டுள்ளது. இதனை அந்தரங்க உரிமை என அழைக்கிறோம். இச்சொல் சற்று இடர்ப்பாடானது. அந்தரங்கம் என்றதும் மறைக்கத்தக்க குற்றம் ஏதோ உண்டென்று நம் மக்கள் எண்ணுவர். தனிமை என்றாலோ துணையற்ற நிலையே நினைவுக்கு வரும். சட்டம் கருதுவது இவ்விரண்டையும் அன்று. ஒருவன் தன்னைப்பற்றிய எதை, எவருக்கு, எவ்வளவு வெளிப்படுத்துவது என்பதைத் தானே தீர்மானிக்கும் தகுதியே இங்குப் பேசப்படுவது. மலைப்பிரசங்கத்தில் ஜெபத்தைக் குறித்து இச்சொல் வருமிடத்திலும் குற்றத்தை மறைத்தல் பொருளன்று என்பதை நாம் அறிவோம்.

1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பில் இவ்வுரிமை பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. சோதனையிட்டுப் பொருள்களைக் கைப்பற்றுவது பற்றிய எம். பி. சர்மா வழக்கில், 1954இல், உச்சநீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள் இத்தகைய உரிமைக்கு இடமில்லை என்றனர். அடுத்து வந்தது உத்தரப் பிரதேசத்துக் கரக் சிங் வழக்கு. கொள்ளை வழக்கொன்றில் பிடிபட்டு, சாட்சியமின்மையால் விடுவிக்கப்பட்டவர் இவர். ஆயினும் காவல்துறையினர் அவருக்கென ஒரு குற்றப்பதிவேடு திறந்து, இரவு வேளைகளில் வீடு தேடி வந்து, கதவைத் தட்டி எழுப்புவதை வழக்கமாக்கிக்கொண்டனர். 1962இல் நீதிமன்றம் இவ்விரவு வருகைகளைச் செல்லாதவை என்றது. ஏனைய கண்காணிப்பை அனுமதித்தது. அந்தரங்கம் அரசியலமைப்பு காக்கும் உரிமையன்று என்றும் பெரும்பான்மையோர் கூறினர். நீதிபதி சுப்பா ராவ் மட்டும், நீதிபதி ஷாவின் சார்பிலும் பேசி, அந்தரங்கமின்றித் தனிமனித சுதந்திரம் இல்லை என மாறுபட்டார். சிறுபான்மைத் தீர்ப்பென்று அன்று ஒதுக்கப்பட்ட அக்கருத்து பின்னர் வென்றது. இடையில், ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட நக்கீரன் இதழ் முற்பட்டபோது எழுந்த தமிழ்நாட்டு வழக்கு 1994இலும், தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றிய வழக்கு 1996இலும் தீர்ப்பாகி வழியைச் செப்பனிட்டன. ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி ஆதார் திட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென அறிவித்தனர். இதில் அரசு தலையிடவேண்டுமாயின் அதற்குச் சட்டம் ஒன்று வேண்டும். நியாயமான நோக்கம் வேண்டும். நோக்கத்துக்கு மிஞ்சாத அளவும் வேண்டும்.

இத்துணையும் நன்றே. ஆனால் ஆயர் பணியில் இருப்போரும் அதற்கு ஆயத்தமாவோரும் கேட்கவேண்டிய வினா வேறு. தன் மனச்சுமையை ஆயரிடம் இறக்கிவைக்கும் ஒருவருடைய சொற்களுக்குச் சட்டம் காவல் நிற்கிறதா? நிற்பதில்லை என்பதே விடை. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் கணவன் மனைவி பேச்சுக்கும், வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் உரைப்பதற்கும் பாதுகாப்பளித்தது. குருமாரையும் மருத்துவரையும் பற்றி மௌனம் சாதித்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் இயங்கும் புதிய சாட்சியச் சட்டமும் இம்மௌனத்தைக் கலைக்கவில்லை. ஆகவே சாட்சியாக அழைக்கப்படும் ஆயர், தம் அலுவலைக் காரணங்காட்டி உரிமையோடு வாய் திறக்க மறுக்க இயலாது.

எல்லா நாடுகளிலும் நிலை இதுவன்று. நியூயார்க் நகரில் 1813இல், பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சொல்ல மறுத்த கத்தோலிக்கக் குரு ஒருவரின் நிலையை நீதிமன்றம் ஏற்றது. நான்கு ஆண்டுகள் கழித்துப் புராட்டஸ்டண்டு போதகர் ஒருவரைக் குறித்து எழுந்த வழக்கிலோ அவ்வுரிமை மறுக்கப்பட்டது. பாவசங்கீர்த்தனம் அவர்தம் சபையில் கட்டாயத் திருச்சடங்கு அன்றே என்பது அங்கு எழுந்த வேறுபாடு! 1828இல் அம்மாநிலம் இயற்றிய சட்டம் எல்லாச் சபைக் குருமாருக்கும் அப்பாதுகாப்பை விரித்தது.

நம் நாட்டிலும் அத்தகைய சட்டம் வேண்டுமெனச் சிலர் விரும்பலாம். நாம் அவ்வளவு விரைவில் அம்முடிவுக்கு வரத் தயங்குகிறோம். காரணம் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கெதிராகப் பாலியல் குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவரும், நிகழக்கூடுமென அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. தவறுவோர்க்கு ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ஆயருக்கென விலக்கு எதுவும் அதில் இல்லை, இருத்தலும் கூடாது. அந்தரங்கம் நம்பி உரைத்தவருக்கு உரியது. சபையின் மானத்தையோ பெரியோர் ஒருவரின் பெயரையோ மூடும் திரையாக அதனைப் பயன்படுத்துவோர் அச்சொல்லையே கெடுக்கின்றனர். எனவே, எவற்றைத் தம்மால் மறைத்துவைக்க இயலாதென்பதை ஆயர் உரையாடலின் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் நேர்மை. இதனால் சிலர் பேசாமற் போகலாம் என்பது மெய்யே. எனினும், எல்லாம் இரகசியமென உறுதியளித்துப் பின் மீறுவதினும் இது மேல்.

உண்மையில் அந்தரங்கம் கசிவது பெரும்பாலும் நீதிமன்றத்திலன்று, நம் ஆலயங்களிலேதான். 1998இல் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்ததை மருத்துவமனை வெளிப்படுத்தியதால் அவர் திருமணம் நின்றது. மணமகளின் உயிர்நலம் காக்கப்பட்டது என்பதனால் மருத்துவமனைமீது பிழையில்லை என்றது நீதிமன்றம். ஆபத்துக்குள்ளாகும் ஒருவருக்காகவே அச்செய்தி வெளிப்படலாயிற்று என்பது கருதத்தக்கது. நாமோ ஞாயிறு ஆராதனையில், நோயாளியின் பெயரையும் நோயின் பெயரையும் ஒருங்கே கூறி, கூடியிருக்கும் முந்நூறு பேருக்கும் அறிவித்து மன்றாடுகிறோம். அவரிடம் ஒரு சொல் கேட்டோமா? பிரசங்கத்தில் உவமையாக வரும் ‘எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம்’ எதுவென்பதும் சிற்றூர்ச் சபையில் பெஞ்சு பெஞ்சாக அனைவருக்கும் தெரியும்.

சபைப் பதிவேடுகளைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஞானஸ்நானம், திருமணம், ஒழுங்கு நடவடிக்கை ஆகிய குறிப்புகள் முன்பு ஆயரகத்து அலமாரியில் பூட்டியிருந்தன. இன்று பல சேகரங்கள் அவற்றைக் கணினியில் ஏற்றுகின்றன. மின்னணு வடிவிலுள்ள தனிமனிதத் தரவுகளைக் காக்க 2023இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டுள்ளது. தாளிலிருந்து கணினிக்கு மாற்றப்படும் விவரங்களையும் அது உள்ளடக்கும். ஆகவே அக்கோப்பின் கடவுச்சொல் எவரெவரிடம் இருக்கலாம், ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்புகளை அதில் சேர்ப்பதா என்பவற்றைச் சேகரக் குழு தட்டச்சுக்கு ஆள் தேடுமுன்பே தீர்மானித்து, கூட்டக் குறிப்பேட்டில் எழுதிவைக்கவேண்டும்.