ஊசி முனையில் உயிர்

மும்பை காலாகோடாவில் ரிதம் ஹவுஸ் இசைக்கடை 2016ல் மூடப்பட்டபோது, பழைய வாடிக்கையாளர்கள் பலர் துக்க வீட்டுக்குப் போவதுபோல் ஒருமுறை போய் நின்றுவிட்டு வந்தார்கள். ஜாஸையும் மேற்கத்திய சாஸ்திரீய இசையையும் அவர்கள் கேட்டுப் பழகியது அங்கேதான்.

இந்த ரசிகர்கள் பொறுமைசாலிகள். 78 சுற்று இசைத்தட்டு காலத்தில் ஒரு பக்கம் மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் ஓடும். ஒரு பீத்தோவன் சிம்பனியைக் கேட்டு முடிப்பதற்குள் பலமுறை எழுந்து தட்டை மாற்ற வேண்டும். 1948ல் எல்.பி. வந்தது, ஒரு பக்கம் 20 நிமிடத்தைத் தாண்டியது. ஜாஸ் கலைஞர்களுக்கும் விஸ்தாரமாக வாசிக்க இடம் கிடைத்தது.

பியானோ கலைஞர் டேவ் புரூபெக் 1958ல் தன் குழுவுடன் இந்தியா வந்தார். சென்னையில் மிருதங்க வித்வான் பழனி சுப்ரமணிய பிள்ளையைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு வெளியான அவரது 'டைம் அவுட்' தட்டில்தான் 5 எண்ணிக்கையில் அமைந்த 'டேக் ஃபைவ்' இருக்கிறது. கண்ட சாபுவுக்குத் தொடை தட்டியவர்களுக்கு அந்தக் கணக்கு அந்நியமல்ல.

இன்று இதெல்லாம் செல்போனிலேயே கிடைக்கிறது. ஆனால் சேகரித்தவர் காலமானபின் அலமாரி நிறைய இருக்கும் தட்டுகளை என்ன செய்வது? பல வீடுகளில் விடை தெரிவதில்லை. மும்பை சோர் பஜாருக்கும் கொல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் தெருவுக்கும் கொஞ்சம் போய்ச் சேர்கிறது. மீதி எடைக்குப் போகிறது.

தப்பிய தட்டுகளின் உறை மூலையில் சில சமயம் மங்கிய மையில் ஒரு பெயரும் தேதியும் இருக்கும். தூசியை ஊதிவிட்டு யாரேனும் ஒரு இளைஞர் அதை வாங்கிப் போனால், முன்பின் தெரியாத அந்த ரசிகர் விட்ட இடத்திலிருந்து கச்சேரி தொடரும்.