வேனிற்பள்ளியும் மொட்டைமாடியும்: கோடையில் வெம்மையுறும் அறையைத் தணித்தல் குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வேனிற்பள்ளி, கூதிர்ப்பள்ளி, அரமியம், காலதர் ஆகிய இலக்கியச் சொற்கள், பருவத்திற்கேற்ப வீட்டிற்குள் இடம் மாறி வாழ்ந்த ஒரு முறையைக் காட்டுகின்றன. ஒற்றை அறையில் வாழ்வோர்க்கு அம்முறை இன்று இயலாததாகிவிட்டது. இடம் மாற இயலாதபோது அறையை எங்கிருந்து, எப்போது, எப்பொருளால் தணிப்பது என்பதை வெப்பம் தளத்தின் வழியே இயங்கும் முறையோடு பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வேனிற்பள்ளி, அரமியம், காலதர், மெட்ராஸ் டெரஸ், சுருக்கித் தளம், வெப்பத் தாமதம்

முன்னுரை

நெடுநல்வாடை கூதிர்க்காலத்து மதுரையைப் பாடும்போது, தென்றல் வருவதற்கென அமைந்த வேனிற்பள்ளியின் சாளரக் கதவுகள் தாழிடப்பட்டுக் கிடப்பதைக் கூறுகிறது. சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில் மாதவி மேல்நிலை மாடத்திலுள்ள வேனிற்பள்ளிக்கு ஏறுகிறாள். ஊர்காண் காதையோ, மதுரை மக்கள் கூதிர்க்காலத்தில் சிறு சாளரங்களை அடைத்த கூதிர்ப்பள்ளியிலும், பனிக்காலத்தில் நிலாமுற்றத்து இளவெயிலிலும் இருந்தமையைச் சொல்லிச் செல்கிறது. வேனிற்பள்ளி என்பதற்கு 'வேனிற்காலத்திற்குரிய படுக்கையிடம்' எனப் பொருள் எழுதிக் கடந்துவிடுவதே பெருவழக்கு. அப்பொருள் பிழையன்று; ஆயின் அச்சொல் உணர்த்தும் வாழ்முறை அதில் தெரிவதில்லை. செல்வர் மனைகளில் கோடையில் அறையைக் குளிர்விக்கவில்லை, அறையையே மாற்றிக்கொண்டனர். மனையறம்படுத்த காதையில் இதன் மிக அழகிய சான்று உள்ளது. இடைநிலை மாடத்திலிருந்த கோவலனும் கண்ணகியும், சாளரத்தின் வழியே தென்றல் நுழைந்ததும், திறந்த மேல்தளமாகிய அரமியத்திற்கு ஏறிவிடுகின்றனர்.

பத்தடிக்குப் பத்தடி அளவுள்ள ஒரே அறையில், அதுவும் மொட்டைமாடிக்கு நேர்கீழே குடியிருப்பவர்க்கு வேனிற்பள்ளியும் கூதிர்ப்பள்ளியும் அடுக்களையும் அதுவே. அவர் இடம் மாற இயலாது. ஆதலின் பொருளை மாற்றுதல் வேண்டும். எப்பொருளை என்பதே வினா.

நண்பகலிலிருந்து யாமத்திற்கு

தொல்காப்பியம் பாலைக்கு வேனிலைப் பெரும்பொழுதாகவும் நண்பகலைச் சிறுபொழுதாகவும் வகுக்கிறது. வெளியில் நடப்பவனுக்கு இது இன்றும் பொருந்தும். கான்கிரீட் தளத்தின்கீழ் உறங்குபவனுக்குப் பொருந்தாது. அவனுக்குரிய துன்பப் பொழுது யாமம்.

காரணம் தளத்தின் தடிப்பிலும் எடையிலும் உள்ளது. பத்தடிச் சதுர அறையின்மேல் ஐந்து அங்குலத் தடிப்பில் வார்த்த தளத்தின் எடை ஏறத்தாழ 2800 கிலோ. நண்பகல் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். அவ்வெப்பம் கான்கிரீட்டின் ஊடே இறங்கி அடிப்பரப்பை அடைய மூன்று நான்கு மணி நேரம் ஆகிறது. ஆகவே வெளியே வெயில் தாழத் தொடங்கும் மாலை 5 மணியளவில்தான் உட்கூரை உச்ச வெப்பத்தை அடைகிறது. அதன் பின்னரும் அத்தனை எடையும் தேக்கி வைத்த வெப்பத்தை வானத்தை நோக்கி மேலாகவும் உறங்குபவரை நோக்கிக் கீழாகவும் நள்ளிரவு கடந்தும் உமிழ்ந்துகொண்டிருக்கும். இத்தாமதமே வெப்பத் தாமதம் எனப்படுவது.

'அறையில் காற்று வருகிறது, ஆனாலும் அனல் அடிக்கிறது' என்று மேல்மாடிக் குடியிருப்போர் கூறுவதன் பொருளும் இதுவே. அந்த அனல் பெரும்பாலும் காற்றினுடையது அன்று; உட்கூரையின் கதிர்வீச்சு. மனிதத் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 34 டிகிரி. தலைக்குமேல் உள்ள தளம் அதனினும் சூடாக இருக்குமாயின், உடல் தன் வெப்பத்தைக் கூரைக்கு இழப்பதற்கு மாறாகக் கூரையிடமிருந்து பெறுகிறது. மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை விரைந்து ஆவியாக்கி உடலைக் குளிர்விக்கிறது. தளத்தையொட்டித் தேங்கியுள்ள வெங்காற்றையும் அதுவே கீழே தள்ளுகிறது. மாலையில் அறைக்குள் நுழைந்ததும் முதலில் விசிறியைச் சுழலவிட்டு, அதன் பின்னர்ச் சன்னலைத் திறப்போர் பலர். முறை தலைகீழாக அமைதல் வேண்டும்.

ஞாயிறு நிற்கும் இடம்

சுவரினும் கூரையே முதன்மையானது என்பதற்கு நில அமைவும் காரணம். மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அகலக்கோட்டிலும் சென்னை 13 பாகையிலும் உள்ளன. ஏப்ரல் நடுவில், சித்திரைத் திங்களின் தொடக்கத்தில், மதுரையில் நண்பகல் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கிறது. சென்னையில் ஏப்ரல் 24 அளவில். நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் நூலறிபுலவர், கோல் நட்டு, நிழல் ஒருபுறமும் சாயாத நண்பகலைப் பார்த்துத் திசை கொள்கின்றனர். அப்பகுதி நமது நிலத்திற்கே உரிய இயற்கை நிகழ்வு ஒன்றின் பதிவு. கடகக்கோட்டிற்கு வடக்கே அத்தகைய நாள் வருவதே இல்லை.

இதனால் விளையும் பயன்கள் இரண்டு. கோடை நண்பகலில் ஞாயிறு தலைக்கு நேரே இருத்தலின், கிடையாகக் கிடக்கும் தளமே வெயிலை முழுதும் ஏற்கிறது. தெற்குச் சுவர் ஏறத்தாழ தப்பித்துக்கொள்கிறது. இரண்டாவது பலர் கருதாதது: சென்னையில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடு வரை நண்பகல் ஞாயிறு வடபுறத்தில் நிற்கும். வடக்குச் சன்னலில் வெயில் விழாது என்னும் நம்பிக்கை அம்மாதங்களில் செல்லாது. சுவர்களுள் மிகுதியும் காய்வது மாலை வெயிலை நேரே பெறும் மேற்குச் சுவர். அதற்கும் உள்ளே தொங்கும் திரைச்சீலையைவிட வெளியே கட்டும் மூங்கில் தட்டியே பயன் தரும். கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த வெப்பத்தைத் திரைச்சீலையால் மீண்டும் வெளியேற்ற இயலாது.

கொத்தனார் அறிந்த கூரை

கான்கிரீட் பரவுமுன் சென்னை மாகாணத்தில் பெருவழக்காயிருந்த தளம் 'மெட்ராஸ் டெரஸ்'. தேக்கு உத்தரங்களின்மேல் குறுஞ்செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்குவர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தை இட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக் கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவர். இறுதியில் தட்டோடு பதிப்பர். கான்கிரீட் வந்தபின் உத்தரமும் செங்கல் அடுக்கும் மறைந்தன. மேலடுக்கு மட்டும் 'சுருக்கி' என்னும் பெயரில் கான்கிரீட்டின்மேல் நின்றது. மழைநீர் இறங்காமல் தடுப்பதற்கே சுருக்கி என்று இன்று பலரும் கருதுகின்றனர். நுண்துளைகள் மிகுந்த செங்கல் ஜல்லி கான்கிரீட்டைவிட வெப்பத்தைக் குறைவாகவே கடத்தும். ஆதலின் அது வெயில்தடுப்பும் ஆகும். செலவைக் குறைக்க அவ்வடுக்கைத் தவிர்த்து, நீர்த்தடுப்புப் பூச்சு ஒன்றைமட்டும் பூசிவிடும் கட்டடத்தில், மழை இறங்காது, வெயில் இறங்கும்.

கவிழ்த்த மண்பானைகளைத் தளத்தின்மேல் அடுக்கி, இடைவெளியைச் சுண்ணாம்புக் கலவையால் நிரப்பும் முறையும் உண்டு. அங்கே வெப்பத்தைத் தடுப்பது மண் அன்று. பானைக்குள் அடைபட்ட அசையாக் காற்று. மாடியில் போடும் கீற்றுக்கொட்டகை இதனினும் மேலானது. தளத்தில் வெயிலே படாமல் காக்கிறது; கீற்றுக்கும் தளத்துக்கும் இடையில் காற்றும் ஓடுகிறது. தீப்பற்றும் அச்சமே அதன் குறை. அக்குறையின்றி ஓரளவு அதே பயனைத் தருவது, தளத்திலிருந்து ஏழெட்டடி உயரத்தில் கட்டும் நிழல்வலை.

செலவில் மிகக் குறைந்தது வெள்ளைப் பூச்சு. கோடையில் ஒரு நாளில் தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 6 யூனிட் அளவு ஞாயிற்று ஆற்றல் விழுகிறது. நாம் கூறிய அறையின் கூரைக்கு இது 55 யூனிட். கறுத்துப்போன கான்கிரீட் அதில் 70 விழுக்காட்டுக்கு மேல் உட்கொள்ளும். புதிதாக அடித்த சுண்ணாம்பு ஏறத்தாழ அந்த அளவைத் திருப்பி அனுப்பிவிடும். நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டிப் பசை சேர்த்து, பங்குனியில் தளத்தைக் கழுவிக் காயவிட்டபின் இரண்டு மூன்று முறை அடித்தால் அக்கோடைக்குப் போதும். தூசு படியப் படியப் பயன் குறைவதால், இடையிடையே பெருக்கிக் கழுவுதல் வேண்டும். தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது.

ஒரு லிட்டர் நீரின் கணக்கு

மாலையில் மாடியில் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். மிகுதியாகச் செய்யப்படுவதும் மிகுதியாக வீணாவதும் அதுவே. ஒரு லிட்டர் நீர் முழுதும் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மேற்கூறிய 2800 கிலோ தளம் ஒரு டிகிரி குளிர்வதற்கு இழக்கவேண்டிய வெப்பமும் ஏறத்தாழ அதுவே. ஒரு லிட்டருக்கு ஒரு டிகிரி என நினைவிற்கொள்ளலாம். மாறாக, அந்நீர் ஆவியாகாமல், பத்து டிகிரி சூடேறி வடிகுழாய் வழியே ஓடிவிட்டால், அது கொண்டுசெல்வது 42 கிலோஜூல். ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. குழாயைத் திறந்துவிட்டு நூறு லிட்டரை ஓடவிடுவதைவிட, பழைய சாக்குகளை விரித்துப் பதினைந்து இருபது லிட்டரைத் தெளித்து ஈரமாக வைத்திருத்தல் மேலானது. ஆவியாதலுக்கு வேண்டிய வெப்பத்தில் ஒரு பகுதி காற்றிலிருந்தும் வருமாதலின், கணக்கில் வரும் பத்து லிட்டருக்குச் சற்று மிகுதியாகவே தேவைப்படும். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற சென்னையில், இக்கணக்கு வெறும் இயற்பியல் அன்று. விரிசல் உள்ள தளத்தில் நீரைத் தேக்குவதும் ஆகாது. உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும்.

அறைக்குள் ஈரத்தைக் கொண்டு குளிர்விப்பது ஊரைப் பொறுத்தது. 36 டிகிரி வெப்பமும் 30 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள வறண்ட பிற்பகலில், வெட்டிவேர்த் தட்டியோ ஏர்கூலரோ காற்றை 23 டிகிரி வரை நெருங்கச் செய்யலாம். 32 டிகிரியும் 75 விழுக்காடும் உள்ள கடலோர இரவில் அவ்வெல்லை 28 டிகிரி. அதை எட்டுமுன் அறை புழுங்கிவிடும். வேலூரில் பயன்படும் கருவியை வாங்கிச் சென்னையில் ஏமாறுவோர் கருவியைக் குறைகூறுவதில் பொருளில்லை.

காலதர்

சிலப்பதிகாரம் சாளரத்தைக் காலதர் என்றும் குறிக்கும். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. போர்ச்சுகீசியத்திலிருந்து வந்த சன்னல் என்னும் சொல்லில் இப்பொருள் இல்லை. வழி என்றால் நுழையவும் வேண்டும், வெளியேறவும் வேண்டும். ஒரே சுவரில் இரு சன்னல் வைத்த அறையில் காற்று வாசலிலேயே நின்றுவிடும். எதிர்ச்சுவரில் சன்னலுக்கு இடமில்லையாயின், கதவுக்குமேல் ஒரு திறப்பாவது வேண்டும். நெடுநல்வாடையின் வேனிற்பள்ளிச் சாளரம் பருவத்திற்கேற்பத் திறந்தடைக்கப்பட்டது. கான்கிரீட் அறையில் அது பொழுதிற்கேற்ப நிகழவேண்டும். வெளிக்காற்று உட்காற்றைவிடக் குளிர்ந்திருக்கும் இரவு முழுதும் திறந்தும், காலை 9 மணியளவில் அடைத்தும் வைத்தல் முறை. கடற்காற்று வரும் பகுதியில் அது வந்தபின் மீண்டும் திறக்கலாம். பகல் முழுதும் சன்னலைத் திறந்துவைத்து, கொசுவுக்கு அஞ்சி இரவில் மூடும் வீடுகளில் வலை அடிப்பதே முதல் சீரமைப்பு.

கூரை யாருடையது

இதுகாறும் கூறியவற்றுள் பயன் மிக்கவை அனைத்தும் தளத்தின் மேற்புறத்தில் செய்யவேண்டியவை. வாடகைக்கு இருப்பவரின் உரிமை தளத்தின் அடிப்புறத்தோடு முடிகிறது. மாடிச் சாவி வீட்டு உரிமையாளரிடம் இருக்கும். அவர் பெரும்பாலும் கீழ்த்தளத்தில், தம் தலைக்குமேல் ஒரு வீட்டையே நிழலாகக் கொண்டு வாழ்வார். ஆகவே குடியிருப்பவர் தம்மால் இயன்றதை உள்ளேயே செய்கிறார். உட்கூரையில் தெர்மோகோல் ஒட்டுவது ஓரளவு வெப்பத்தைத் தடுக்கும். ஆயின் அது எளிதில் தீப்பற்றும், பற்றினால் நச்சுப்புகை எழும். அதனினும் நன்று, உட்கூரைக்குச் சில அங்குலம் கீழே, பளபளப்பான அலுமினியத்தாள் ஒட்டிய துணியைத் தாளின்புறம் மேல்நோக்க இழுத்துக் கட்டுவது. மின்விளக்கு, விசிறி இணைப்புகளில் அது படாமல் இருத்தல் இன்றியமையாதது. குளிர்சாதனக் கருவி வாங்குவோர், சுடும் தளத்தை எதிர்த்தே தம் மின்கட்டணத்தின் பெரும்பகுதியைச் செலவிடுகின்றனர்.

இவற்றுள் எதுவும் மேற்புறத்தில் அடிக்கும் ஒரு வாளிச் சுண்ணாம்புக்கு ஈடாகாது. வாடகை ஒப்பந்தங்களில் ஆணி அடிப்பதற்கும் தண்ணீர்க் கட்டணத்திற்கும் விதி எழுதுகிறோம். ஆண்டுதோறும் பங்குனியில் தளத்திற்கு வெள்ளையடித்துத் தருதல் உரிமையாளரின் பொறுப்பு என்னும் ஒரு வரியையும், மாலையில் மாடியைக் குடியிருப்போர் பயன்படுத்தலாம் என்னும் மற்றொரு வரியையும் அவற்றில் சேர்க்கலாம். இரண்டாவது வரி அரமியத்திற்கானது. கோடை இரவில் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடியேறும் வழக்கம் இன்னும் அற்றுப்போய்விடவில்லை.