அவரைப் பந்தலில் பறப்பது தேனீயா, ஈயா?

துளசிக் கதிருக்கு முன்னால், பறந்தபடியே ஒரே இடத்தில் நிற்கிறது ஒரு பூச்சி. உடம்பில் மஞ்சளும் கறுப்புமாக வரிகள். தேனீ என்று பயந்து துண்டை வீசாதீர்கள். அது பெரும்பாலும் சிர்ஃபிட் ஈ (தேனீ, குளவி போல வேடமிட்ட பூ ஈ). காஞ்சிபுரத்தில் மொட்டைமாடித் தொட்டிச் செடிக்குக்கூட வரும்.

கொட்டுமா? கொடுக்கே கிடையாது. கடிக்கவும் செய்யாது. பூந்தேனும் மகரந்தமும்தான் அதன் உணவு.

பிறகு எதற்கு இந்த வேடம்? ஒருமுறை கொட்டு வாங்கிய பறவை அந்த நிறத்தைப் பார்த்தாலே விலகும். அந்தப் பயம் இந்த ஈக்குக் காவல். அமேசான் காட்டு வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்த ஹென்றி வால்டர் பேட்ஸ் 1862-இல் இத்தகைய வேடத்தை விளக்கினார். ஐரோப்பியக் காடுகளில் கிரியோரைனா என்ற ஈ, பம்பிள் தேனீயை (ரோமம் அடர்ந்த குண்டுத் தேனீ) அப்படியே ஒத்திருக்கும். பம்பிள் தேனீ இந்தியாவில் இமயமலைப் பக்கம் உண்டு, நம் ஊர்ச் சமவெளியில் இல்லை. அதனால் இங்குள்ள ஈக்கள் தேனீயையும் குளவியையும்தான் ஒத்திருக்கின்றன.

எப்படிக் கண்டுபிடிப்பது? பூவில் உட்காரும்போது பாருங்கள். ஈக்கு இறக்கை 2, தேனீக்கு 4. ஈயின் கண்கள் தலையை நிறைத்திருக்கும். உணர்கொம்பு குட்டையாக இருக்கும். தேனீயின் பின்னங்காலில் மகரந்த உருண்டை ஒட்டியிருக்கலாம், ஈக்கு அது இருக்காது. சந்தேகமாக இருந்தால் தொடாமல் தள்ளி நில்லுங்கள். கோபுரத்தில் அடை கட்டும் மலைத்தேனீ நிஜமாகவே கொட்டும்.

இந்த ஈயால் உங்களுக்கு என்ன லாபம்? அவரைக் கொடியின் நுனியில் கறுப்பாக அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சுகிறதே அசுவினி, அதன் நடுவில்தான் இஸ்கியோடான் போன்ற சிர்ஃபிட் ஈக்கள் முட்டையிடுகின்றன. பொரிந்து வரும் புழுவுக்குக் கால் இல்லை, கண் இல்லை. பச்சையாக, வழவழவென்று இலையோடு இலையாக ஒட்டிக் கிடக்கும். ஒரே புழு வளர்ந்து முடிவதற்குள் சில நூறு அசுவினிகளைத் தின்றுவிடும். இதைச் செடியைத் தின்னும் புழு என்று நினைத்துப் பலர் நசுக்கிவிடுகிறார்கள். அருமையான உதவியாளை நாமே கொல்லும் பரிதாபம் இது.

அசுவினி பெருகினால் என்ன செய்வது? முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். பச்சைப் புழு இருந்தால் சில நாள் பொறுங்கள். புழு இல்லாவிட்டால் தண்ணீரை வேகமாகப் பீச்சி அசுவினியை உதிருங்கள். மிகவும் அப்பிய நுனியைக் கிள்ளி எறியுங்கள். பூச்சிமருந்து அடித்தால் அசுவினியோடு இந்தப் புழுவும் சாகும். பிறகு அசுவினிதான் முதலில் திரும்பி வரும், அதுவும் தட்டிக் கேட்க ஆளில்லாமல்.

ஈயை வரவழைக்க வழி உண்டா? கொத்தமல்லியில் நாலைந்து செடியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். துளசிக் கதிர்கள் எல்லாவற்றையும் கிள்ளாமல் சிலவற்றை விட்டுவையுங்கள். அவரை பூத்திருக்கும் நாட்களில் தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள்.