பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

சந்தை இரைச்சலிலும் நமது பெயர் காதில் விழுந்துவிடுகிறதல்லவா? 1959இல் இங்கிலாந்தில் நெவில் மோரே என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். ஒரு காதில் கேட்பதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தவர்களின் மறு காதில் அவரவர் பெயரை ஒலிக்கவிட்டார். மூன்றிலொரு பங்கினர் அதைக் கவனித்தனர். அக்காதில் வந்த மற்றவை அநேகமாகப் பதியவேயில்லை.

நித்திரையிலும் மூளை இக்காவலை விடுவதில்லை. உறங்குவோரின் மூளை மின்னலைகள் பிறர் பெயருக்கு ஒருவிதமாகவும் சொந்தப் பெயருக்கு வேறுவிதமாகவும் எழுவதை 1999இல் பிரெஞ்சு ஆய்வாளர் பதிவு செய்தனர். மூளை பாதிப்புற்று, உணர்வற்றவராகத் தோன்றிய நோயாளர் சிலரிடமும் இவ்வேறுபாடு 2006இல் காணப்பட்டது. அவர்கள் எழும்பிவிடுவார்கள் என்பதற்கு இது உத்தரவாதமல்ல. ஆனாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, "இவருக்கு ஒன்றும் கேளாது" என்று கதைக்காதீர்கள். கூப்பிட்டுப் பாருங்கள், அட்டையில் எழுதிய பெயரையல்ல, வீட்டில் கூப்பிடும் பெயரை.